17 வயசுல ஓவரில கட்டின்னா கேன்சரா? ஓவரிய எடுக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது

கேள்வி இதுதான். 17 வயசு தங்கச்சிக்கு ரெண்டு மாசமா அடிவயிறு கனமா இருக்குன்னு ஸ்கேன் எடுத்திருக்காங்க, இடது ஓவரில 8 சென்டிமீட்டர்ல ஒரு கட்டின்னு ரிப்போர்ட் வந்திருக்கு, சி.ஏ. 125ங்கற, கேன்சருக்காக ரத்தத்துல பாக்கற அளவு கொஞ்சம் அதிகமா இருக்கு, வீட்ல எல்லாரும் கேன்சர்னே முடிவு பண்ணிட்டாங்க, உடனே ஓவரிய எடுத்துடலாமா, எடுத்தா பின்னாடி குழந்தை பிறக்குமா. நான் பெண்கள் நோய் டாக்டர், ஆபரேஷனும் பண்றவ, இந்த வயசுப் பொண்ணுங்கள நிறைய பாக்கறதால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

இந்த வயசுல ஓவரில தெரியற கட்டிங்கள்ல பெரும்பாலானது கேன்சர் கிடையாது. ஆபரேஷன் வரைக்கும் போற சின்னப் பொண்ணுங்கள மட்டும் எடுத்துக்கிட்டாலே நூத்துக்கு 10லேர்ந்து 20 பேருக்குத்தான் கேன்சர்னு வரும், ஸ்கேன்ல தெரியற எல்லா கட்டியையும் சேர்த்துப் பாத்தா இன்னும் ரொம்பக் குறைவு. அப்படியே கேன்சரா இருந்தாலும் 55, 60 வயசுல வர்ற ஓவரி கேன்சரும் இதுவும் வேற வேற நோய், வேற செல்லுல ஆரம்பிக்குது, வேற மாதிரி நடந்துக்குது, மருந்துக்கு நல்லா கேக்குது. இன்டர்நெட்ல ஓவரி கேன்சர்னு தேடினா வர்றதெல்லாம் பெரியவங்க கணக்கு, அத வெச்சு தங்கச்சிய பாக்காதீங்க. எனக்கு கவலை வேற இடத்துல. முதல் ஆபரேஷன் அவசரத்துல நடக்கறப்போ, எடுத்திருக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைய எடுக்காம விட்டுடறது, காப்பாத்தியிருக்கக்கூடிய ஓவரிய தூக்கிடறது, இது ரெண்டும்தான் பின்னாடி சரிபண்ண முடியாத விஷயம்.

ஸ்கேன் ரிப்போர்ட்ட எப்படிப் படிக்கறதுன்னு சொல்றேன். சைஸ விட உள்ள என்ன இருக்குங்கறதுதான் முக்கியம். மாசாமாசம் கருமுட்டை வளர்ற பையே 2, 2.5 சென்டிமீட்டர் வரைக்கும் போகும், அது உடையாம நின்னுபோச்சுன்னா சிஸ்ட்டா, அதாவது நீர்க்கட்டியா தெரியும், முட்டை வெளிய வந்தப்புறம் அந்த இடத்துல ரத்தம் கசிஞ்சா அதுவும் சிஸ்ட்தான், ஸ்கேன்ல உள்ள நூல் நூலா தெரியும், பாக்க பயமா இருக்கும். ரெண்டும் தானா வத்திப் போயிடும். அதனாலதான் வெறும் தண்ணி மட்டும் இருக்கற, சுவர் மெல்லிசா இருக்கற சிஸ்ட்டுக்கு ஆறிலேர்ந்து பன்னெண்டு வாரம் கழிச்சு, பீரியட்ஸ் முடிஞ்ச கையோட இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பாப்போம். இதுக்கு கருத்தடை மாத்திரை குடுத்து கரைக்கறேன்னு சொல்றவங்க உண்டு, இருக்கற சிஸ்ட் மாத்திரையால சீக்கிரமா கரையறதில்ல, இது ஆய்வுகள்ல தெளிவா வந்திருக்கு, புதுசா வர்றத வேணா தடுக்கும். பி.சி.ஓ.டி.ன்னு சொல்றாங்களே, அது இந்தக் கதையே இல்ல, அது சின்னச் சின்ன முட்டைப் பைங்க, ஒவ்வொண்ணும் ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது, அதுக்கு ஆபரேஷனும் தேவையில்ல, அது கேன்சர் கட்டியாவும் மாறாது.

கட்டிக்குள்ள கெட்டியான சதை இருக்கு, அந்த சதைக்குள்ள ரத்த ஓட்டம் இருக்கு, வயித்துல தண்ணி சேந்திருக்கு, சில வாரத்துக்குள்ளயே மளமளன்னு பெருசாயிருக்கு, இப்படி எழுதியிருந்தாத்தான் நாங்க நிமிர்ந்து உக்காருவோம். தங்கச்சி ரிப்போர்ட்ல 8 சென்டிமீட்டர்ங்கற நம்பரத் தாண்டி இதெல்லாம் என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, ஒண்ணும் எழுதலன்னா இந்த வயசுக் கட்டிகளப் பாத்துப் பழகின ஒருத்தர்கிட்ட மறுபடி ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க, தேவைப்பட்டா எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், அதுல ரேடியேஷன் இல்ல.

ஸ்கேனப் பத்தி இன்னொண்ணு, இத யாரும் வெளிப்படையா சொல்றதில்ல. உடலுறவு அனுபவம் இல்லாத பொண்ணுக்கு உள்ள வெச்சு எடுக்கற ஸ்கேன் அவசியமே இல்ல, மூத்திரப்பை நல்லா ரொம்பற அளவு தண்ணி குடிச்சுட்டு வயித்து மேல வெச்சு எடுத்தாலே இவ்வளவு பெரிய கட்டி நல்லா தெரியும். அதே மாதிரி டாக்டர் அவள தனியா அஞ்சு நிமிஷம் பேச விடச் சொன்னா விடுங்க, கர்ப்பப் பரிசோதனை எழுதினா கோவப்படாதீங்க, வயித்து வலியோட வர்ற எந்த வயசுக்கு வந்த பொண்ணுக்கும் அது கட்டாயம் பாக்க வேண்டிய டெஸ்ட், அதுல வர்ற ஹார்மோனே சில கட்டிகளுக்கு அடையாளமும் கூட.

இந்த வயசுல நிஜமான கட்டின்னு எடுத்துக்கிட்டா அதிகமா வர்றது டெர்மாய்ட். தங்கச்சிக்கும் அதுவா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. கருமுட்டை ஆகவேண்டிய செல்லுக்கு உடம்போட எந்தப் பகுதியாவும் மாறற சக்தி உண்டு, அது கருத்தரிக்காமலே தானா வளர ஆரம்பிச்சா டெர்மாய்ட். ஆபரேஷன் டேபிள்ல அதத் திறந்தா மஞ்சளா எண்ணெய் மாதிரி வழியும், வெளிய எடுத்து வெச்ச கொஞ்ச நேரத்துல அது ஆறி உறைஞ்சு போகும், அதுக்குள்ள சுருட்டிக்கிட்டு ஒரு கொத்து முடி, சில சமயம் முழுசா உருவான ஒரு பல்லு. அம்மா அப்பா கிட்ட காட்டினா மிரண்டு போயிடறாங்க, யாராவது செய்வினை வெச்சதான்னு கூட கேக்கறாங்க. இல்லங்க, இதுக்கு யாரும் காரணம் இல்ல, அவ சாப்பிட்டதும் காரணம் இல்ல, நடந்துக்கிட்டதும் காரணம் இல்ல. சராசரியா வருஷத்துக்கு 2 மில்லிமீட்டர் கூட வளராது, கேன்சரா மாறறது நூத்துல ஒண்ணு ரெண்டு, அதுவும் பெரும்பாலும் 40, 50 வயசுக்கு மேல. நூத்துக்குப் பத்து, பதினஞ்சு பேருக்கு ரெண்டு பக்கமும் இருக்கும். இதுக்கு ஓவரிய எடுக்கத் தேவையே இல்ல, கட்டிய மட்டும் ஓவரிலேர்ந்து உரிச்சு எடுக்கலாம், கட்டி பெருசா இருந்து ஓவரி மெல்லிசா ஒரு தோல் மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தாலும் அத விட்டு வெச்சா அதுல முட்டை இருக்கும், திரும்ப வேலை செய்யும்.

அப்போ அவசரமே இல்லையான்னா, ஒரு அவசரம் உண்டு, அத வீட்ல எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கணும். 5 சென்டிமீட்டருக்கு மேல இருக்கற கட்டி ஓவரிய கனமாக்கி அப்படியே முறுக்கிக்க வெக்கலாம், டார்ஷன்னு சொல்லுவோம். திடீர்னு ஒரு பக்கம் பயங்கர வலி, கூடவே வாந்தி, வலி வந்து வந்து போகவும் செய்யும். காஸ் ட்ரபிள்னு சோடா குடுத்துட்டு காலைல பாத்துக்கலாம்னு இருக்கக்கூடாது, ராத்திரியா இருந்தாலும் கிளம்பணும். ஸ்கேன்ல ரத்த ஓட்டம் தெரியுதுன்னா முறுக்கலன்னு அர்த்தம் கிடையாது, ஓவரிக்கு ரெண்டு வழியா ரத்தம் வருது, பாதி முறுக்குல கூட ஓட்டம் தெரியும். சந்தேகம் இருந்தா லேப்ராஸ்கோப்பி வெச்சு உள்ள பாத்துடறதுதான் சரி.

உள்ள பாத்தா ஓவரி கருநீலமா, சில சமயம் கறுப்பாவே வீங்கிக் கிடக்கும். முன்னாடியெல்லாம் செத்துப் போச்சுன்னு எடுத்துடுவாங்க, முறுக்க அவிழ்த்தா ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிடும்னு ஒரு பயம் வேற. அந்த பயத்துக்கு ஆதாரம் இல்லன்னு ஆயிடுச்சு. இப்போ அவிழ்த்துவிட்டு அப்படியே விட்டுடணும், கலர் திரும்பினாலும் திரும்பாட்டியும். கறுப்பா இருந்த ஓவரில சில மாசம் கழிச்சு ஸ்கேன் பண்ணா முட்டைப் பைங்க தெரியறத நானே பாத்திருக்கேன், பெரும்பாலானவங்களுக்கு அப்படித்தான் நடக்குது. வீக்கமா இருக்கற அந்த நேரத்துலயே கட்டிய உரிக்கப் போனா ஓவரி கிழிஞ்சு போகும்னா, அன்னிக்கு அவிழ்த்துட்டு சில வாரம் கழிச்சு கட்டிய எடுக்கலாம். அதனால அவசர ஆபரேஷனுக்கு கையெழுத்து போடறப்போ, கறுப்பா இருந்தாலும் ஓவரிய காப்பாத்தப் பாப்பீங்களான்னு வாய் விட்டு கேளுங்க, இதக் கேக்கறதுல தப்பே இல்ல.

இப்போ ரத்தப் பரிசோதனை. சி.ஏ. 125ஐ வெச்சு 17 வயசுப் பொண்ணுக்கு கேன்சர்னு சொல்லவே முடியாது. பீரியட்ஸ் நேரத்துல ஏறும், எண்டோமெட்ரியோசிஸ்ல, அதாவது கர்ப்பப்பை உள்சுவர் மாதிரியான திசு வெளிய வளர்ற நோய்ல ஏறும், அடிவயித்துல எந்த இன்ஃபெக்ஷன் வந்தாலும் ஏறும், கர்ப்பத்துல ஏறும். தங்கச்சிக்கு கொஞ்சம் அதிகம்ங்கறத பெருசா எடுத்துக்காதீங்க, அவளுக்கு ஒவ்வொரு மாசமும் ஸ்கூலுக்குப் போக முடியாத அளவு வலி இருந்துச்சான்னு மட்டும் கேளுங்க, இருந்துச்சுன்னா எண்டோமெட்ரியோசிஸால ஓவரில வர்ற சாக்லேட் சிஸ்ட்டாவும் இருக்கலாம், இந்த வயசுல அது வராதுன்னு நெனைச்சு வருஷக்கணக்கா கண்டுபிடிக்காம விடறாங்க.

எடுக்க வேண்டியது ஏ.எஃப்.பி., பீட்டா ஹெச்.சி.ஜி. (கர்ப்பப் பரிசோதனைல பாக்கற அதே ஹார்மோன்), எல்.டி.ஹெச்., இந்த மூணும், சில கட்டிங்க இருந்தா ரத்தத்துல ஏறற பொருள்கள் இது. வயசுக்கு வர்றதுல ஏதாவது வித்தியாசம் இருந்தா, முகத்துல முடி, குரல் மாற்றம் இருந்தா, இன்ஹிபின், டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஹார்மோன் அளவையும் சேத்து எடுக்கணும். இத கண்டிப்பா ஆபரேஷனுக்கு முன்னாடியே எடுக்கணும், ஏன்னா கட்டி வெளிய வந்த நிமிஷத்துலேர்ந்து இந்த அளவெல்லாம் இறங்க ஆரம்பிச்சுடும், ஆரம்பத்துல எவ்வளவு இருந்துச்சுன்னு அப்புறம் கண்டுபிடிக்கறது கஷ்டம். ஏ.எஃப்.பி. அஞ்சிலேர்ந்து ஏழு நாளைக்கு ஒரு தடவை பாதியாகும், ஹெச்.சி.ஜி. ஒண்ணு, ஒண்ணரை நாள்லயே பாதியாகும், அந்தக் கணக்குப்படி இறங்கினா உள்ள மிச்சம் இல்லன்னு நம்பலாம், இறங்காம நின்னா எங்கயோ இருக்குன்னு அர்த்தம். பல வருஷத்துக்கு அவளோட பாலோ அப்பே இந்த நம்பர வெச்சுத்தான் ஓடும், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

கேன்சரா இருந்தா இந்த வயசுல அது பெரும்பாலும் ஜெர்ம் செல் கட்டி, அதாவது டெர்மாய்ட் வர்ற அதே முட்டை செல்லுலேர்ந்து வர்றது. அதுல அதிகம் வர்றது டிஸ்ஜெர்மினோமா, எல்.டி.ஹெச். ஏறும், நூத்துக்குப் பத்து இருபது பேருக்கு ரெண்டு ஓவரிலயும் இருக்கும். அடுத்து யோக் சாக் கட்டி, ஏ.எஃப்.பி. ஆயிரக்கணக்குல போகும், வேகமா வளரும். அப்புறம் இம்மெச்சூர் டெரட்டோமா, பாக்க டெர்மாய்ட் மாதிரி இருந்தாலும் உள்ள வளர்ச்சி முடியாத நரம்புத் திசு இருக்கும். கலந்தும் வரும். பயாப்சி ரிப்போர்ட் வெறும் டிஸ்ஜெர்மினோமான்னு சொல்லி ரத்தத்துல ஏ.எஃப்.பி. ஏறியிருந்தா அந்த ரிப்போர்ட்ட அப்படியே ஏத்துக்கக் கூடாது, சுத்தமான டிஸ்ஜெர்மினோமாவுல ஏ.எஃப்.பி. ஏறாது, கட்டியோட வேற ஏதோ மூலைல யோக் சாக் பகுதி இருக்கு, ஸ்லைட திரும்பப் பாக்கச் சொல்லணும். இது சிகிச்சையவே மாத்தற விஷயம்.

இன்னொரு வகை ஹார்மோன் சுரக்கற கட்டிங்க. எட்டு வயசு கூட ஆகாத குழந்தைக்கு மார்பு வளர்ந்து ரத்தப்போக்கு வந்தா ஜுவனைல் கிரானுலோசா கட்டிய நெனைக்கணும். ஒழுங்கா வந்துட்டு இருந்த பீரியட்ஸ் நின்னு, முகத்துல முடி வளர்ந்து, குரல் தடிச்சுப் போனா செர்டோலி லேடிக் கட்டி. பின்னது பல பேருக்கு டைசர் 1ங்கற ஜீன் மாற்றத்தோட வருது, குடும்பத்துல சின்ன வயசுலயே தைராய்டு கட்டி, குழந்தைங்களுக்கு நுரையீரல் கட்டி வந்திருக்கான்னு கேக்கணும், ஜெனடிக் டெஸ்ட் பண்ணணும். பெரியவங்களுக்கு மார்பு, ஓவரி கேன்சர் வர்றதோட சம்பந்தப்பட்ட பி.ஆர்.சி.ஏ. ஜீன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அதுக்கும் டீனேஜ்ல வர்ற இந்தக் கட்டிங்களுக்கும் சம்பந்தம் இல்ல.

எல்லாமே நல்லபடியா முடியும்னு பொய் சொல்ல மாட்டேன். ரத்தத்துல கால்சியம் ஏறற ஒரு சின்ன செல் கேன்சர் இருக்கு, இருபதுகள்ல வர்றது, ரொம்ப அரிது, ரொம்ப மூர்க்கமானது, அதுக்குக் காரணமான ஜீனே 2014லதான் கண்டுபிடிச்சாங்க. ஆனா அது எப்பயோ ஒருத்தருக்கு வர்ற நோய், 8 சென்டிமீட்டர் கட்டின்னு கேட்டதும் நினைக்க வேண்டியது அது இல்ல.

ஆபரேஷன் எப்படி நடக்கணும்னு தெரிஞ்சுக்கங்க. கேன்சர்னு சந்தேகம் இருந்தா அந்தப் பக்கத்து ஓவரியையும் ட்யூபையும் மட்டும், உடையாம, முழுசா எடுக்கணும். ஊசி போட்டு தண்ணிய உறிஞ்சறது, வெளியேர்ந்து ஊசில பயாப்சி எடுக்கறது, சின்ன ஓட்டைக்காக வயித்துக்குள்ளயே உடைச்சு எடுக்கறது, இதெல்லாம் கூடாது, ஓவரிக்குள்ள மட்டும் இருந்த கட்டி உள்ள உடைஞ்சா ஒரு ஸ்டேஜ் மேல போயிடும், தேவையில்லாம கீமோ வரைக்கும் போகலாம். வயித்தத் திறந்ததும் உள்ள இருக்கற தண்ணிய டெஸ்ட்டுக்கு எடுக்கணும், குடல் மேல இருக்கற கொழுப்புத் திரை, நிணநீர் முடிச்சு எல்லாம் தொட்டுப் பாத்து வித்தியாசமா இருந்தா மட்டும் சாம்பிள் எடுக்கணும். மறுபக்கத்து ஓவரி நல்லா இருந்தா அதத் தொடவே வேணாம், சும்மா ஒரு துண்டு வெட்டிப் பாக்கறேன்னு கூட வேணாம். கர்ப்பப்பை இருக்கணும். நோய் பரவியிருந்தா கூட பெரும்பாலும் கர்ப்பப்பையையும் இன்னொரு ஓவரியையும் வெச்சுக்கிட்டே வைத்தியம் பண்ண முடியும், ஏன்னா மிச்சத்த கீமோ பாத்துக்கும். டீனேஜ் பொண்ணுக்கு பெரியவங்க கேன்சருக்குப் பண்ற மாதிரி ரெண்டு ஓவரி, கர்ப்பப்பை எல்லாத்தையும் எடுக்கணும்னு யாராவது சொன்னா, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கேன்சர் ஆபரேஷன் பண்ற பெண்கள் நோய் நிபுணர் ஒருத்தர்கிட்டயோ, குழந்தைங்க கேன்சர் பாக்கற டீம் கிட்டயோ ரெண்டாவது கருத்து வாங்குங்க. ஒரு வாரம் தள்ளிப்போறதால பொதுவா கெடுதல் எதுவும் வராது, வலி இல்லாத வரைக்கும்.

ஒரு விதிவிலக்கு. 16 வயசாகியும் வயசுக்கே வராத பொண்ணுக்கு டிஸ்ஜெர்மினோமா வந்தா குரோமோசோம் டெஸ்ட் பண்ணணும். சிலருக்கு ஒய் குரோமோசோம் இருக்கும், அப்போ ரெண்டு பக்கமும் இருக்கறது முட்டை இல்லாத வெறும் நார்த் திசு, கட்டி வர்ற ஆபத்து அதிகம், ரெண்டையும் எடுத்துடறதுதான் நல்லது. அவங்களுக்கும் கர்ப்பப்பைய விட்டுவெச்சா பிற்பாடு தானமா வாங்கின முட்டையில கர்ப்பம் தரிக்க முடியும். அந்தப் பொண்ணு பொண்ணுதான், அத அவகிட்ட சொல்ற விதத்துல ரொம்பப் பக்குவம் வேணும்.

ஆரம்ப ஸ்டேஜ் டிஸ்ஜெர்மினோமாவுக்கும் தரம் 1, அதாவது வளர்ச்சி முடியாத திசு ரொம்பக் கம்மியா இருக்கற இம்மெச்சூர் டெரட்டோமாவுக்கும் ஆபரேஷனோட நிறுத்திட்டு கண்காணிச்சாலே போதும். மத்ததுக்கு பி.இ.பி.ங்கற கீமோ, பிளியோமைசின், எட்டோபோசைட், சிஸ்பிளாட்டின், பொதுவா மூணு நாலு சுத்து. 1970கள்ல கூட யோக் சாக் கட்டின்னா பெரும்பாலானவங்க பிழைக்க மாட்டாங்க. சிஸ்பிளாட்டின் 1978ல அமெரிக்காவுல அனுமதியாச்சு, முதல்ல ஆண்களோட விதைப்பை கேன்சர்ல ஜெயிச்ச அந்த மருந்துக் கூட்டணி அப்புறம் இங்க வந்துச்சு, இன்னிக்கு ஆரம்ப ஸ்டேஜ்ல நூத்துக்கு 95 பேருக்கு மேல முழுசா குணமாகறாங்க, பரவின பிறகு வந்தாலும் முக்கால்வாசிக்கு மேல.

குழந்தை பிறக்குமா? பிறக்கும். ஒரு ஓவரி இருந்தாலே மாசாமாசம் பீரியட்ஸ் வரும், முட்டை வரும், மிச்சம் இருக்கற அந்த ஒரு ஓவரியே தொடர்ந்து வேலைய எடுத்துக்கும். பி.இ.பி. கீமோ முடிச்சவங்கள்லயும் பெரும்பாலானவங்களுக்கு சில மாசத்துல பீரியட்ஸ் திரும்பிடுது, ஆரோக்கியமா குழந்தை பெத்திருக்காங்க. ஆனாலும் கீமோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி முட்டை சேமிக்கறதப் பத்தி ஒரு தடவை கேட்டு வெச்சுக்கறது நல்லது, நோய் வேகமா இருந்தா அதுக்கு நேரம் இல்லாமலும் போகலாம்.

இது கொஞ்சம் விலகின விஷயம்தான், ஆனா உயிர் காக்கற விஷயம். நல்லா இருந்த இளம்பொண்ணு சில நாள்ல திடீர்னு சம்பந்தமில்லாம பேசறா, யாரோ துரத்தறாங்கன்னு பயப்படறா, தூங்கல, அப்புறம் வலிப்பு, பேச்சே நின்னு போச்சு. மனநோய், பேய் பிடிச்சிருக்குன்னு எங்கெங்கயோ கூட்டிட்டுப் போறாங்க. சிலருக்கு இதுக்குக் காரணம் ஓவரில இருக்கற ஒரு சின்ன டெரட்டோமா, அதாவது டெர்மாய்ட் வகைக் கட்டி, அதுக்குள்ள இருக்கற நரம்புத் திசுவ எதிர்க்க உடம்பு தயாரிக்கற ஆன்டிபாடி மூளையையும் சேத்து தாக்குது. 2007ல ஜோசப் டல்மாங்கற நரம்பியல் டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் இத விளக்கினாங்க. கட்டிய எடுத்து, எதிர்ப்பு சக்திய அடக்கற மருந்து குடுத்தா மெல்ல மெல்ல பெரும்பாலானவங்க பழையபடி ஆகறாங்க. இந்த மாதிரி அறிகுறியோட வர்ற பொண்ணுக்கு வயித்து ஸ்கேன் எடுக்க மறக்கக் கூடாது.

தங்கச்சி விஷயத்துக்கு வர்றேன். இப்போதைக்கு அந்த மூணு ரத்தப் பரிசோதனை, வயித்து மேல ஒரு நல்ல ஸ்கேன். நம்பர் நார்மலா இருந்து ஸ்கேன்ல டெர்மாய்ட்னு வந்தா, 8 சென்டிமீட்டர்ங்கறதால முறுக்கிக்கற ஆபத்து இருக்கு, திட்டமிட்டு கட்டிய மட்டும் எடுத்துடலாம், ஓவரி இருக்கும். வெறும் தண்ணிச் சிஸ்ட்டா இருந்து வலி இல்லன்னா ரெண்டு மாசம் காத்திருந்து பாக்கலாம். நம்பர் ஏறியிருந்தா, கெட்டியா இருந்தா, சொன்ன மாதிரி பழகின டீம் கிட்ட போங்க. அதுவரைக்கும் ஓடறது குதிக்கறது கொஞ்சம் குறைச்சுக்கட்டும், ஸ்கூலுக்குப் போகட்டும். முக்கியமா அவகிட்ட மறைக்காதீங்க, 17 வயசு, அவளே தேடிப் படிச்சிருப்பா, நீங்க கதவ சாத்திட்டுப் பேசறதுதான் அவள ரொம்ப பயமுறுத்தும். டாக்டர்கிட்ட போறப்போ அவ சொந்தக் கேள்விய அவளே கேக்கட்டும்.

ஆபரேஷன் முடிஞ்சா பயாப்சி ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, ரத்த ரிப்போர்ட் எல்லாத்தோட காப்பியும் வாங்கி பத்திரமா வெச்சுக்கங்க. டெர்மாய்டா இருந்தா வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் போதும், இன்னொரு பக்கமும் வரலாம்ங்கறதால. ஜெர்ம் செல் கேன்சரா இருந்தா திரும்பி வர்றது பெரும்பாலும் முதல் ரெண்டு வருஷத்துக்குள்ளதான், அதுவரைக்கும் ரத்தப் பரிசோதனைய ஒரு தடவை கூட தவற விடாதீங்க. கீமோ எடுத்திருந்தா காது கேக்கறதும் கிட்னியும் அப்பப்போ பாக்கணும். பிளியோமைசின் வாங்கினவங்க எத்தனை வருஷம் கழிச்சு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து குடுக்கற டாக்டர்கிட்ட அதச் சொல்லணும், அதிக அளவு ஆக்சிஜன் குடுத்தா நுரையீரல் பாதிக்கலாம், ஒரு சீட்டுல எழுதி பர்ஸ்லயே வெச்சுக்கச் சொல்லுங்க.